தாங்ஸ்கிவிங்குக்கு ஒரு புரூட் சலட்: வியாழனே தொடங்குங்கள்

கனடாவுக்கு வந்த முதல் வருசம் ஒரு தாங்ஸ்கிவிங் ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டதற்கு, "நீ புதுசு, கஷ்டப்படாதை, சும்மா ஒரு புரூட் சலட் செய்துகொண்டு வா" என்று பதில் வந்தது. அந்தச் "சும்மா"வை நம்பி முதல்நாள் இரவே பப்பாசி, அன்னாசி, வாழைப்பழம், அதோடு நாலு அப்பிளையும் வெட்டிப் போட்டு, மேலே சீனியும் தூவி மூடி வைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் ஸ்காபுரோவில் அந்த வீட்டு மேசையில் மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே மண்ணிறம், பாதிப் பாத்திரத்துக்குத் தண்ணி. பக்கத்தில் நின்ற மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, அச்சாறோ?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அச்சாறு என்றுதான் நினைத்திருக்கிறார்.

பிறகுதான் விளங்கியது, ஊரில் நாங்கள் சாப்பிட்ட புரூட் சலட் வேறு, இங்கே ஒக்டோபரில் செய்யக்கூடியது வேறு. ஊர்ச் சலட் ஊற ஊறத்தான் ருசி. பழமெல்லாம் மெத்தென்று இருக்கும், மேலே ஜெலியும் ஐஸ்கிறீமும் வரும், அடியில் நிற்கும் சாற்றைக் கடைசியில் கோப்பையோடு குடிப்போம். இலையுதிர் காலத்துப் பழங்கள் கடித்துச் சாப்பிடுகிறவை. அப்பிள், பேரிக்காய், பேர்சிமன், முந்திரிகை (இந்தியாவில் திராட்சை என்பார்கள்), மாதுளை. இவற்றை ஊறவிட்டால் கெட்டுப்போகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி ஒரே நேரத்தில் வெட்டவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அந்த ஒழுங்கைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கத்தி வேலை.

கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை. 1957இல் பாராளுமன்றம் அப்படித்தான் நிலையாக்கியது, அறுவடைக்கு நன்றி சொல்கிற நாள் என்று. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது நவம்பர் நாலாவது வியாழன். அங்கே இருந்து வாசிக்கிறீர்கள் என்றால் நான் சொல்லும் கிழமைகளை மாற்றி எண்ணிக்கொள்ளுங்கள், மாதுளையும் பேர்சிமனும் உங்களுக்கு இன்னும் நன்றாகக் கிடைக்கும். எங்களுடைய ஆட்கள் சனி, ஞாயிறு, திங்கள் என்று எந்த நாளிலும் கூடுவார்கள். நான் திங்கள் மத்தியானச் சாப்பாடு என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன்.

அளவு பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்கு. வான்கோழி, சோறு, கொத்துரொட்டி என்று மேசை நிறையச் சாப்பாடு இருக்கும்போது ஆளுக்கு முக்கால் கப் பழம் தாராளம். நடுத்தர அப்பிள் நாலு, பேரிக்காய் மூன்று, பேர்சிமன் இரண்டு, விதையில்லாத முந்திரிகை இரண்டு கப், மாதுளம்பழம் ஒன்று. வெட்டினால் எல்லாமாக இரண்டு கிலோ அளவில் வரும். மேலே ஊற்றுவதற்கு இரண்டு தேசிக்காய், ஒரு தோடம்பழம், இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் பாகு, கால் தேக்கரண்டி கறுவாத்தூள், சின்னத் துண்டு இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. சீனி வேண்டவே வேண்டாம். வெட்டிய பழத்தில் சீனி விழுந்தால் அது உள்ளே இருக்கும் தண்ணியை வெளியே இழுத்துவிடும், என்னுடைய அச்சாறு குளமானது அதனால்தான்.

வியாழன், கடைக்குப் போகும் நாள்

அப்பிளில் இருந்து தொடங்குவோம். ஊரில் அப்பிள் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகும்போது வாங்கும் சாமான், சிவப்பாக இருந்தால் போதும். இங்கே கடைக்குள் போனால் பத்து விதம் குவிந்து கிடக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. சலட்டுக்குக் கெட்டியானதும் சாறு உள்ளதுமாக வேண்டும். ஹனிகிரிஸ்ப் நல்லது, கடிக்கும்போது படாரென்று உடையும், விலைதான் கொஞ்சம் கூட. இது மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட இனம். அம்புரோசியா பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தோட்டத்தில் தானாக முளைத்து வந்தது, தேன் போல இனிப்பு, புளிப்பு மிகக் குறைவு. கோர்ட்லண்ட் என்று ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். வெட்டி வைத்தாலும் மற்றவற்றைப் போலக் கெதியாகக் கறுக்காது, பழைய ஆட்கள் சலட்டுக்கு அதைத்தான் தேடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டு ஹனிகிரிஸ்ப், இரண்டு கோர்ட்லண்ட். ஒரே இனத்தில் நாலையும் வாங்கினால் ருசியும் ஒரே மாதிரியாகப் போய்விடும்.

மக்கின்டொஷ் வேண்டாம். சொல்லவே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அது ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை; 1811இல் ஜோன் மக்கின்டொஷ் என்ற விவசாயி டன்டெலா என்ற இடத்தில் காட்டை வெட்டும்போது கண்டெடுத்த கன்றில் இருந்து வந்தது, அப்பிள் கொம்பனி தன்னுடைய மக்கின்டொஷ் கணினிக்கு வைத்த பெயரும் இதைப் பார்த்துத்தான். சும்மா சாப்பிட அருமையான பழம். ஆனால் சதை மெது, வெட்டி ஒரு மணித்தியாலத்தில் ஓரமெல்லாம் மாவாகிவிடும். அப்பிள் சோஸ் செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிக்காய்தான் புதிதாகச் செய்கிறவர்களை விழுத்துகிற பழம், வியாழனே கடைக்குப் போகச் சொல்வதும் இதற்காகத்தான். பேரிக்காயை முற்றியதும் காயாகவே பறித்துவிடுவார்கள், பறித்த பிறகுதான் அது பழுக்கும், அதுவும் உள்ளே இருந்து வெளியே. வெளியே கை பட்டால் மெத்தென்று இருக்கிறது என்றால் உள்ளே ஏற்கெனவே கூழ். அதனால் கல் மாதிரி இருப்பதை வாங்கி வீட்டில் மேசையில் வையுங்கள், பிரிட்ஜில் அல்ல. ஒவ்வொரு நாளும் காம்புக்குப் பக்கத்தில் கழுத்தைப் பெருவிரலால் மெதுவாக அமத்திப் பாருங்கள். கழுத்து கொஞ்சம் இளகுகிறது, வயிறு இன்னும் கெட்டி என்றால் அதுதான் பதம், உடனே பிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள், அங்கே ஓரிரு நாள் அப்படியே நிற்கும். சனிக்கிழமையும் அசையாமல் இருந்தால் கடதாசிப் பைக்குள் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வாயை மடித்து வையுங்கள். வாழைப்பழத்தில் இருந்து வரும் எத்திலீன் வாயு பழுக்க வைத்துவிடும். ஊரில் வைக்கோலுக்குள் மாங்காயைப் புதைத்து வைத்ததும் இதே வேலைதான். இனத்தில் பொஸ்க் என்கிற மண்ணிறத் தோல், நீளக் கழுத்துக்காரர் சலட்டுக்கு ஏற்றவர், பழுத்தாலும் வடிவாகத் துண்டு நிற்கும். பார்ட்லட் பச்சையில் இருந்து மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுக்கும், ஆனால் கெதியாகக் குழையும். அஞ்சூ பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பேர்சிமனை நான் முதலில் தக்காளி என்றுதான் நினைத்தேன். எங்கள் கருங்காலி மரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் இது, இரண்டும் ஒரே பேரினம். இதில் ஒரு விசயத்தை மட்டும் கவனியுங்கள்: தட்டையாக, தக்காளி வடிவில் இருப்பது ஃபூயு, அதைக் கெட்டியாக இருக்கும்போதே அப்பிள் போல வெட்டிச் சாப்பிடலாம். அடி கூம்பி நீளமாக இருப்பது ஹச்சியா, அது ஜெலி மாதிரிக் குழையும் வரைக்கும் வாயில் வைக்க முடியாது. நான் ஒருமுறை பெயரைப் பார்க்காமல் அந்தக் கூம்பியதைக் கெட்டியாக வெட்டிப் போட்டேன். வாழைக்காய்த் தோலைச் சப்பியது போல நாக்கு மரத்து, மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அந்தத் துவர்ப்பு தேத்தண்ணியில் இருக்கும் அதே வகைத் தனின்தான், ஆனால் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் தொடக்கத்தில் பேர்சிமன் சில கடைகளில் வந்திருக்காது. கிடைக்காவிட்டால் ஒரு அப்பிளைக் கூட்டிப் போடுங்கள், அதற்காகக் கடை கடையாக அலையத் தேவையில்லை.

முந்திரிகையில், நயாகரா பக்கத்தில் விளையும் கொரொனேசன் என்ற கருநீலப் பழம் சின்னக் கூடையில் வரும், விதையில்லை, நல்ல வாசம். இதற்குக் காலம் முடிகிற நேரம் என்பதால் கூடையின் அடியைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் வேண்டாம். கொன்கோர்ட் என்பது பார்க்க அதே மாதிரி இருக்கும், அதில் விதை உண்டு. இரண்டும் இல்லையா, சாதாரணச் சிவப்பு முந்திரிகையே போதும். மாதுளையில் பாரமானதாகப் பார்த்து எடுங்கள், தோல் கொஞ்சம் சப்பட்டையாக, பக்கங்கள் மூலை வைத்தது போல இருந்தால் உள்ளே முத்து நிறைந்திருக்கிறது.

கிறான்பெரி போடலாமா என்று கேட்பார்கள். ஒன்ராறியோவில் முஸ்கோகா பக்கம் பாலா என்ற ஊரில் இதைச் சதுப்பு நிலத்தில் வளர்க்கிறார்கள், ஒக்டோபரில் அதற்கென்று ஒரு விழாவே நடக்கும். பச்சையாகச் சாப்பிட்டால் புளிப்பும் கசப்பும் கண்ணை மூடவைக்கும். ஒரு கைப்பிடியை இரண்டாக நறுக்கி இரவு முழுக்க மேப்பிள் பாகில் ஊறவைத்துப் போட்டால் அங்கங்கே ஒரு சுள்ளென்ற புளிப்பு வரும், எனக்குப் பிடிக்கும், வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

வாங்கக் கூடாதவையும் இருக்கின்றன. வாழைப்பழம் வழுக்கிக் கறுக்கும். வத்தகப்பழத்துக்குக் காலம் போய்விட்டது, தண்ணி மட்டும்தான் மிஞ்சும். ஸ்ட்ரோபெரி இந்த மாதத்தில் தூர இடத்தில் இருந்து வருகிறது, நிறம் இருக்கும், ருசி இருக்காது. அன்னாசியும் கிவியும் போட்டுவிட்டு மேலே யோகட்டோ கிரீமோ ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கசக்கும், அவற்றில் இருக்கும் என்சைம் பாலின் புரதத்தை உடைக்கிறது. புது அன்னாசி போட்ட ஜெலி உறையாமல் போவதும் இதனால்தான். டின் அன்னாசியில் அந்தத் தொல்லை இல்லை, சூடாக்கியபோதே என்சைம் செத்துவிடும்.

ஞாயிறு பின்னேரம்

இன்றைக்குச் செய்யக்கூடியது மூன்றே வேலை. முந்திரிகையைக் காம்பில் இருந்து கழற்றிக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போகவிட்டு டப்பாவில் போடுங்கள், வெட்ட வேண்டாம். மாதுளையின் தலையைச் சீவி, தோலில் மட்டும் நாலைந்து கீறல் போட்டு, ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணிக்குள் வைத்து விரலால் பிரித்தெடுங்கள். முத்து அடியில் போய் நிற்கும், வெள்ளைச் சவ்வு மேலே மிதக்கும், சேட்டில் கறையும் படாது. தட்டிக் கொட்டுகிற முறை பார்க்க வேடிக்கையாக இருக்கும், சுவரைத் துடைக்கிறவருக்குத்தான் தெரியும். முத்தை வடித்து மூடிப் பிரிட்ஜில் வையுங்கள்.

மூன்றாவது, ஊற்றும் சாறு. தோடம்பழத்தையும் தேசிக்காயையும் பிழிந்து, இஞ்சியைத் துருவி அதன் சாற்றை மட்டும் பிழிந்து விட்டு, கறுவாத்தூள், உப்பு, மேப்பிள் பாகு சேர்த்து ஒரு ஜாம் போத்தலில் குலுக்கி வையுங்கள். கறுவா என்றதும் ஒரு வார்த்தை: இங்கே பெரிய கடைகளில் சினமன் என்று விற்பது பெரும்பாலும் கசியா, தடித்த ஒற்றைப் பட்டை, காரமான வாசம். தமிழ்க் கடைகளில் கிடைக்கும் இலங்கைக் கறுவா மெல்லிய தாள் தாளாகச் சுருட்டுப் போலச் சுருண்டிருக்கும், வாசமும் மென்மை. பச்சைப் பழத்துக்கு இதுதான் பொருந்தும். வீட்டில் ஒரு பட்டையை இடித்து அரித்துப் போட்டால் இன்னும் நல்லது. மேப்பிள் பாகு விலை அதிகம் என்று தோன்றினால் தேன் விடலாம், ஆனால் ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடாது, அந்தச் சலட்டில் ஒரு துண்டைக்கூட யாராவது செல்லமாக ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திங்கள் காலை

வீட்டில் இருந்து வெளிக்கிட ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது தொடங்குங்கள். கத்தியை எடுக்க முதலே ஒரு பெரிய பாத்திரத்தில் நாலு கப் குளிர்ந்த தண்ணி ஊற்றி இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்துப் பக்கத்தில் வையுங்கள். அப்பிளை வெட்டும்போது உடையும் கலங்களில் இருந்து ஒரு என்சைம் வெளியே வந்து காற்றோடு சேர்ந்துதான் அந்த மண்ணிறத்தை உண்டாக்குகிறது, உப்புத் தண்ணி அதை மடக்கிப் போடும். எல்லோரும் சொல்லும் தேசிக்காய்த் தண்ணியும் வேலை செய்யும், ஆனால் அதில் ஊறவைத்தால் அப்பிள் புளித்துப்போய்ப் பிறகு இனிப்பைக் கூட்டவேண்டி வரும். உப்புப் போட்டால் உப்புக் கரிக்காதா என்று பயப்படாதீர்கள், கழுவினால் தெரியாது.

முதலில் பேர்சிமன். காம்பைச் சுற்றி வெட்டி எடுத்து, இரண்டு சென்ரிமீட்டர் அளவுத் துண்டுகளாக்கிப் பெரிய கிண்ணத்தில் போடுங்கள், இது கறுக்காது, அவசரமில்லை. அடுத்தது அப்பிள், தோலோடு. தோல் இல்லாவிட்டால் சலட்டில் நிறமும் இல்லை, கடியும் இல்லை. ஒரு அப்பிளை வெட்டி முடித்ததும் அந்தத் துண்டுகளை உடனே உப்புத் தண்ணிக்குள் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், நாலையும் வெட்டிக் குவித்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தால் முதல் அப்பிள் அதற்குள் மண்ணிறமாகத் தொடங்கிவிடும். பத்து நிமிசம் ஊறினால் போதும். மேலே மிதக்கும் துண்டுகளை ஒரு தட்டால் அமத்தி வையுங்கள். பிறகு அப்பிளை வடித்துவிட்டு அதே தண்ணியில் பேரிக்காய், அதற்கு ஐந்து நிமிசம், அதற்கு மேல் ஊறினால் இளகும்.

இரண்டையும் குழாய்த் தண்ணியில் அலசி, ஒரு துவாயில் பரப்பி ஒத்தி எடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் சோம்பல்படுவார்கள், நானும்தான். ஈரத்தோடு போட்டால் நேற்றுச் செய்த சாறு பழத்தில் ஒட்டாமல் அடிக்கு இறங்கிவிடும்.

இப்போது முந்திரிகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சேருங்கள். சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் நாலாகப் பிளக்க வேண்டும், முழு முந்திரிகை தொண்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், இதில் விளையாட்டு வேண்டாம். சாறு இருக்கும் போத்தலை இன்னொரு முறை குலுக்கி, பாதியை மட்டும் ஊற்றி, கரண்டி போட்டுக் கிண்டாமல் கழுவிய இரண்டு கையாலும் அடியில் இருந்து மேலே தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பு மட்டும் தெரிந்தால் இன்னும் ஒரு தேசிக்காய்ப் பாதி, புளிப்பு முந்தினால் ஒரு கரண்டி பாகு. மாதுளையை இப்போது போட்டுவிடாதீர்கள், கசிந்து பேரிக்காயெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். அதையும் மீதிச் சாற்றையும் தனித்தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், மேசையில் வைக்கும்போது மேலே தூவி, ஊற்றி, ஒரு புரட்டு.

மூடிய பாத்திரத்தைப் புறப்படும் வரை பிரிட்ஜில் வையுங்கள். காரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் என்றால், அல்லது காருக்குள் ஹீற்றர் போடுகிற குளிர் வந்துவிட்டது என்றால், குளிர்ப்பெட்டியில் ஐஸ் பையோடு வையுங்கள், ஆளுடைய மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். வெட்டிய பழம் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் ஒன்றுகூடல்களில் பன்னிரண்டு மணி என்றால் சாப்பாடு இரண்டரைக்குத்தான் தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே போனவுடன் மேசையில் வைக்காமல் அந்த வீட்டுப் பிரிட்ஜில் ஒரு இடம் கேளுங்கள். இடமே இல்லாமல் வான்கோழியும் கேக்கும் அடைத்துக்கொண்டு நின்றால், வெளியே பல்கனியில் குளிர் நாலு பாகை செல்சியஸுக்குக் கீழே என்றால் அதுவே பெரிய பிரிட்ஜ். வெயில் அடித்தால் அந்த யோசனையை விடுங்கள்.

வறுத்த வால்நட்டோ கஜுவோ போட ஆசைப்பட்டால் கலக்காமல் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். யாருக்கு நட்ஸ் ஒவ்வாமை இருக்கிறது என்பது அந்த வீட்டு ஆட்களுக்கே எல்லா நேரமும் தெரியாது. பிள்ளைகள் ஐஸ்கிறீம் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு வனிலா டப்பாவைத் தனியாக வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பழத்தோடு முதலே கலந்து வைத்துவிட்டால் நாங்கள் திரும்பவும் அச்சாறுக்குப் போய்விடுவோம்.

மிஞ்சியதை அன்றைக்கே பிரிட்ஜுக்குள் வைத்திருந்தால் அடுத்த நாள் காலையும் சாப்பிடலாம், ஆனால் கடி குறைந்திருக்கும். நான் அப்படியே சட்டியில் கொட்டி, ஒரு துண்டு கறுவாப்பட்டையும் கொஞ்சம் இஞ்சியும் போட்டுச் சின்ன நெருப்பில் இருபது நிமிசம் விடுவேன். ஒரு தூக்கலான ஜாம் மாதிரி வரும், மிஞ்சிய வான்கோழியோடும் போகும், ரொட்டியோடும் போகும்.

பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள், மூடியிலும் தனியாக. என்னுடைய நீல மூடி யாரோ வீட்டில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுச் சித்திரை வருசத்துக்குத்தான் திரும்பி வந்தது, உள்ளே பலகாரத்தோடு.